மறைப்பு நின்ற நாள்

அம்சவல்லி அக்கா தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. விடியும்போது ஒரு டம்ளர் கோப்பி, அத்தோடு சரி. தேயிலைக்காட்டில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கொழுந்து கிள்ளியவர்கள். அந்தச் சரிவில் கக்கூஸ் ஏது? அடக்க முடியாமல் போனால் செடி மறைவில் உட்கார வேண்டியதுதான். கீழே லோரி போகும், மேலே கங்காணி நிற்பார். அதனால் ஒருத்தி, இடுப்பில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் துணியை அவிழ்த்து விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி மறைப்பு நிற்பாள். “ஆச்சு, திரும்பு” என்று குரல் வரும்வரை திரும்பக் கூடாது. அக்காவுக்கு நான், எனக்கு அக்கா. ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டது அபூர்வம். கூச்சத்துக்காகத் தாகத்தையே கொன்றுவிட்ட மகராசி.

எழுபது தாண்டியதும் உடம்பு கணக்குக் கேட்டது. விலாவில் வலி, உதறும் காய்ச்சல். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மகன் புவனேஸ்வரன் காரில் கூட்டிப்போனான், நானும் ஒட்டிக்கொண்டேன்.

சின்ன வயசு டாக்டர். மலாயில் நிதானமாகச் சொன்னார், புவனேஸ்வரன் தமிழில் சொன்னான். சிறுநீரகத்தில் கல்லாம், தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் ஒரு காரணமாம். கல் பெரியது, வெளியிலிருந்து அதிர்வு கொடுத்தால் உடையாது. முதுகில் துளை போட்டு ஒரே தடவையில் எடுக்கலாம். ஆனால் இதயத்துக்காக அக்கா சாப்பிடும், ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் ரத்தம் நிற்காது. இன்னொன்று, சிறுநீர் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு லேசரால் உடைப்பது. இரண்டு தடவை செய்ய வேண்டி வரலாம், ஆனாலும் இவருக்கு அதுதான் நல்லது என்றார். சும்மா விட்டால் சீழ் பிடித்து உயிருக்கே வந்துவிடும்.

“முதுகுலயே போடச் சொல்லு” என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன்.

“ஏங்கா, ஒனக்குக் கிறுக்கா? ரத்தம் நிக்காதுன்னு டாக்டரு சொல்றாரு!”

“அது கீழ் வழியால்ல போவுது, வடிவு. கால அகட்டி வெச்சு... அத்தன ஆம்பளைங்க நிப்பாங்க.”

“பொணமா வந்தா?”

“பொணத்துக்கு வெக்கம் ஏது?”

கோபத்தில் அடிக்கலாம் போலிருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், சேலைக் கரையைக் கணுக்கால்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். சாவுக்கும் பயந்தாள், அதைவிட அந்த மேசைக்குப் பயந்தாள். இந்த வெட்கம்தான் கல்லை வளர்த்தது, இப்போது ஆளையும் கொண்டுபோகப் பார்க்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

“நான் மறைப்பு நிக்கிறேன்லா” என்றேன். “உள்ள விடமாட்டாங்க. வாசல்ல நிக்கிறேன். நீ சொல்ற வரைக்கும் திரும்பமாட்டேன்.”

அவள் என் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, “டாக்டரு சொன்னதே இருக்கட்டும்” என்றாள்.

ஆப்பரேசன் அன்று கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகையில் அக்கா என் விரலை விடவேயில்லை. நர்ஸ் மிஸி மெதுவாகப் பிரித்துவிட்டு, போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கதவு மூடியது.

நான் கதவுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றேன். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தேன். போகிறவர்கள் சிரித்தார்கள். “சின்னம்மா, உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்று புவனேஸ்வரன் கெஞ்சினான். பார்க்கட்டும். கால் மரத்தது, வாய் உலர்ந்தது. ரத்தம் நிற்கவில்லையோ? இதயம் நின்றுவிட்டதோ? ஏன் இத்தனை நேரம்? காட்டில் அவள் இவ்வளவு நேரம் எடுத்ததே இல்லை.

பின்னால் கதவு திறந்தது. கட்டில் சக்கரம் உருளும் சத்தம். யாரும் எதுவும் சொல்லவில்லை. புவனேஸ்வரன் என்னைத் தாண்டி ஓடினான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திரும்பவில்லை. குரல் வராமல் நான் எப்படித் திரும்புவேன்?

“ஆச்சு, வடிவு” என்றது, நூலாய் இளைத்த ஒரு குரல். “திரும்பு.”