சம்பந்தி கொண்டுவந்த சுறா

மகளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள், அவளுடைய மாமியார் டூட்டிங்கிலிருந்து பஸ் ஏறி நோர்பரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மூன்று பைக்குள் சுற்றிய ஒரு பார்சல். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை, வசதியாக வந்தேன் என்றார். மணத்துக்குப் பயந்துதான் இருக்காமல் விட்டிருப்பார்கள். பேரன் பிறந்த சந்தோசத்தில் அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றையும் பிடித்திருந்தது, லண்டன் குளிரைக்கூட.

"சுறாக் கருவாடு, சம்பந்தி. மன்னாரிலயிருந்து தம்பி கொண்டந்தவன். வறை வறுத்துக் குடுங்கோ, பால் ஊறும்."

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவை அவித்து உதிர்த்து வறை வறுத்துக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மகளுக்கும் பால் போதவில்லை, பிள்ளை அழுதபடியே இருந்தான். அதனால் உடனேயே சுடுதண்ணீரில் போட்டு அவித்தேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் என்னைப் பெற்ற ஐயா மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர். கருவாடு எனக்குத் தெரியும். சுறா என்றால் வெந்ததும் வெள்ளையாய் உதிரும். இது கறுப்பாய், மாட்டிறைச்சி மாதிரி நார் நாராய்க் கிடந்தது. மேலே எண்ணெய் வேறு மிதந்தது.

"சம்பந்தி, இது சுறா இல்லை. ஓங்கில்."

ஓங்கில் என்றால் கடலில் துள்ளி விளையாடுமே, டொல்பின், அதுதான். ஊரிலும் பிடிக்கக் கூடாது. யாரோ சுறா என்று சொல்லித் தம்பியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

"என்ர தம்பிக்குச் சுறா தெரியாதோ?"

"தம்பி வாத்தியார் எல்லோ. அவர் கடலில என்னத்தைக் கண்டவர்?"

சம்பந்திக்கு முகம் கறுத்தது. "ஓங்கிலெண்டாலும் என்ன? சின்னனில நாங்கள் திண்டனாங்கள்தானே. செத்தே போனம்?"

நானும் தின்றிருக்கிறேன், ருசியாகத்தான் இருந்தது. மகள்தான் போனைப் பார்த்து வாசித்தாள். பெரிய மீனில் பாதரசம் சேருமாம். ஓங்கிலிலும் திமிங்கிலத்திலும் அப்படித்தானாம். தாய் தின்றால் பாலோடு பிள்ளைக்கும் போகுமாம், மூளை வளர்ச்சிக்குக் கூடாதாம். சுறாகூட அளவோடுதான் என்று வீட்டுக்கு வந்த நர்ஸும் சொல்லியிருந்தாள்.

"பாதரசம் எப்பிடி அதுக்கை போறது? ஆரும் ஊசி போடுறவையோ?"

மகள் ஆங்கிலம் கலந்து விளக்கினாள். சம்பந்திக்கு விளங்கவில்லை, எனக்குப் பாதிதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் கேட்டேன்.

"நீங்கள் கடைசிப் பந்தியில சாப்பிட்டிருக்கிறியளோ?"

"ஓம், உங்கட மகளின்ர கலியாணத்திலதான். சாம்பார் அடிப்பிடிச்சது."

இதைச் சொல்ல நான்கு வருடம் காத்திருந்திருக்கிறார்.

"அதுதான் சம்பந்தி. அண்டாவின்ர அடியில கிடக்கிறதெல்லாம் கடைசிப் பந்திக்குத்தான். கடலிலயும் சின்ன மீன் முதல் பந்தி, அதைத் திண்ட பெரிய மீன் ரெண்டாம் பந்தி. ஓங்கில் கடைசி, பாதரசமெல்லாம் அதுக்குத்தான்."

"ஓங்கில் கடைசி இல்லை அம்மா," என்றாள் மகள். பிள்ளை அவளிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். "கடைசிப் பந்தி இவர்."

சம்பந்தி பேரனின் வாயைப் பார்த்தார். பிறகு அவரே சட்டியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினார், இறைச்சியைத் திரும்பவும் மூன்று பைக்குள் போட்டுக் கட்டினார், வெளியே கவுன்சில் குப்பைத் தொட்டியில் போடக் கொண்டுபோனார். ஜன்னலால் பார்த்தேன். மூடிவிட்டுத் திரும்பி நடந்தவர், நின்று, சுவரோரம் கிடந்த செங்கல்லை எடுத்து மூடிக்கு மேல் வைத்தார்.

"உள்ளிப்பூடு இருக்கோ? கஞ்சி வைப்பம், பாலுக்கு நல்லது," என்றபடி உள்ளே வந்தார்.

"இருக்கு. கல்லு ஏன் வைச்சனீங்கள்?"

"இந்த ஊர் நரியள் குப்பை கிளறுறதெல்லோ," என்றார், கையைக் கழுவிக்கொண்டே. "அதுகளுக்கும் குட்டி இருக்கும்."