பதினாலு மலை

இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் அரை வாத்தியார். விடிந்ததும் பெரட்டில், அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில், என் பெயரைக் கூப்பிடுவார்கள். மதியம் வரை கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை வெட்டுவேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பாடம். பள்ளிப் பரிசோதகர் வந்து பார்த்து, சரி என்று தோட்டத்துத் துரையிடம் சொன்னால் முழு வாத்தியார். இல்லையென்றால் ஆயுசுக்கும் கத்திதான்.

பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்ததும் பூமிசாஸ்திரத்தில் கை வைத்தார்.

"உங்கடை தோட்டத்திலை எத்தினை மலை?"

"பதினாலுங்க ஐயா!" வகுப்பே கத்தியது.

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே நின்றது ஒரே ஒரு மலை.

"மலையெண்டால் என்னெண்டே தெரியாத பிள்ளையளுக்குப் பூமிசாத்திரமோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேலை போனால் போகட்டும் என்று எழுந்தேன். "ஐயா, தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டும் எங்களுக்கு ஒரு மலைங்க. வேலைக்குப் போறதையே மலைக்குப் போறோம்னுதான் சொல்லுவோம். பதினாலு துண்டு, பதினாலு மலை. நீங்க சொல்ற மலையைப் பத்தியும் கேட்டுப் பாருங்க."

அவர் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். "சரி, அந்த முகட்டிலை பெய்யிற மழை எந்த ஆத்துக்குப் போகும்?"

அவள் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். "முகட்டுக்கு எந்தப் பக்கம் பெய்யிற மழைங்க ஐயா?"

பரிசோதகர் மறுபடி ஜன்னல் வழியே முகட்டைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சொல்லு பாப்பம்."

"இந்தப் பக்கம்னா களனி கங்கைக்குப் போயி கொழும்புல கடல்ல விழும். அந்தப் பக்கம்னா மகாவலிக்குப் போயி திருகோணமலையில விழும்."

போன மாதம்தான் அவர்களை முகட்டில் ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பக்கமும் ஊற்றிக் காட்டியிருந்தேன். அன்று எல்லோருக்கும் காலில் அட்டைக்கடி. தாய்மார்களிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

பரிசோதகர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். இரண்டு ஆறுகளையும் இரண்டு விரல்களால் பின்தொடர்ந்து மேலே மேலே வந்தார். விரல்கள் இரண்டும் எங்கள் முகட்டின் இரு பக்கமும் வந்து நின்றன. மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது எனக்கே தெரியாது, வாத்தியார்!"

பரிசோதகர் அன்று மாலையே துரையின் பங்களாவுக்குப் போனார். மறுநாள் விடியலில் நான் வேண்டுமென்றே பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை கடைசிப் பெயர் வரை வாசித்து முடித்தார். என் பெயர் வரவில்லை.