முப்பத்தாறு பாட்டில் உப்பு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளை மூடினால் மற்றவர்களுக்கு விடுமுறை, எனக்கு இரண்டு மடங்கு வேலை. மரக்காணத்தின் தெற்கு ஓரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு அறக்கட்டளை சின்னதாக ஒரு இயற்கை வரலாறு, அறிவியல் அருங்காட்சியகம் நடத்தியது. அங்கே காட்சிப் பொருள்களுக்கு நான் பொறுப்பாளர். பதிவேடு எழுதுவது, சிப்பிகளைத் துடைப்பது, வருகிற பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது, ஆள் இல்லாத நாளில் டிக்கெட் கிழிப்பது எல்லாம் அந்தப் பொறுப்பில் அடங்கும். 2005 டிசம்பரில் எனக்கு நாற்பத்தெட்டு வயது. விடுமுறை முகாம் நடத்துவது அது ஏழாவது முறை. முதல் இரண்டு வருடம் ஆசையாகச் செய்தேன். அடுத்த நான்கு வருடம் பழக்கத்தில் செய்தேன். ஏழாவது வருடம் பழக்கமும் கைகொடுக்கவில்லை. அக்டோபரிலிருந்து விடாத மழை, கட்டடம் முழுக்க ஈர வாடை, முழங்காலில் வலி. பொம்மையார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன்.

முகாம் பத்து நாள். சுனாமி அலை வந்து ஒரு வருடம் நிறைந்த அன்று மட்டும் யாரையும் வரச் சொல்லவில்லை. மற்ற நாள்களில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை முப்பத்தாறு பிள்ளைகள் இருப்பார்கள். பாதிப் பேர் மரக்காணம் சுற்றுவட்டாரம், மீதிப் பேர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வேனில் வருபவர்கள். முதல் நாள் அட்டையில் டைனோசர் முகமூடி செய்தோம். அடுத்த நாள் சிப்பி பிரிப்பது. ஒரு தாம்பாளம் நிறையக் கலந்து வைத்ததை இனம் இனமாகப் பிரித்து வைக்க வேண்டும். வேனில் வந்தவர்கள் படத்தையும் சிப்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மீனவர் வீட்டுப் பிள்ளைகள் முடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்கள். கறுப்புக் குடையின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டால் நட்சத்திரம் வைத்து, நடுக்கம்பியைத் துருவ நட்சத்திரமாகக் கொண்டு சுற்றிக் காட்டினேன். கரையில் ஒதுங்கிய டால்பின் ஒன்றின் எலும்புகள் மரப்பெட்டியில் இருந்தன. அவற்றைத் தார்ப்பாயில் பரப்பி முதுகெலும்பை வரிசையாகச் சேர்ப்பது இன்னொரு நாள். வாலிலிருந்து தொடங்கிய குழுவில் ஒரு சிறுமி கேட்டாள்:

"மிஸ், இது ஒதுங்கினப்போ யாரும் குழம்பு வைக்கலியா?"

"வைக்கக் கூடாது."

"வைக்கக் கூடாதுன்னு தெரியும் மிஸ். வச்சாங்களான்னு கேட்டேன்."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது உப்புப் படிகப் போட்டி. ஆளுக்கு ஒரு கண்ணாடி பாட்டில். வெந்நீரில் இனிக் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, வடிகட்டி, ஐஸ் குச்சியில் தையல் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு கல் உப்பைத் தொங்கவிட வேண்டும். அசைக்காமல் விட்டால் அந்தக் கல்லின் மேல் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சதுரமாக வளரும். கடைசி நாள் யாருடைய கல் பெரியதோ அவருக்குப் பரிசு. மழைக்காலத்தில் தண்ணீர் வற்றாது என்பதால் அலமாரிக்குள் நாலு குண்டு பல்பு மாட்டிச் சூடு வைத்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், எண், "தொடாதீர்கள்" என்ற ஒட்டுச்சீட்டு. முப்பத்தாறு சீட்டும் என் கையெழுத்து.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தவர் செப்டம்பரில் நின்றுவிட்டார். மழை வந்து உப்பளம் மூடிய பிறகு வேலை தேடி வந்த ஒரு பெண்ணை அந்த இடத்தில் தற்காலிகமாக வைத்தோம். நாற்பது வயதிருக்கும். பதினாறு வருடம் உப்புப் பாத்தியில் நின்றவர். இரண்டு பாதங்களிலும் வெடிப்பு ஆழமாக ஓடியிருந்தது. குதிகாலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. இன்னும் ஒரு வருடத்துக்கு உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஜனவரியில் பாத்தியில் நின்ற மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கிவிடும். வேறு வேலை இல்லை என்றால் அவரும் போய்த்தான் ஆக வேண்டும். எங்களிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் விலங்கியல் படித்தவர், நல்ல மனிதர், ஆனால் எதையும் தாளில் எழுதிக் கேட்பவர்.

"லீவு முடியட்டும் மேடம். அந்தம்மாவைப் பத்தி ஒரு ரிப்போர்ட் குடுங்க. ரெண்டாம் தேதி முடிவு பண்ணிடலாம்."

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஆறரைக்கே வந்து, நான் ஒன்பதுக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவார். கூடத்தில் ஒரு தூசி இருக்காது.

படிகம் மட்டும் வளரவில்லை. என் நாட்குறிப்பில் அந்த நாள்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. மாலை ஐந்து மணி: தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு, பன்னிரண்டு நூல்களில் கல் கடுகளவு பருத்திருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது: ஏடு இல்லை, கல் இல்லை, பாட்டிலின் அடியில் பொடி உப்பு. மூன்று நாள் இப்படியே. பிள்ளைகளைச் சந்தேகப்பட்டேன். வேனில் வந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளையும், உள்ளூர்ப் பிள்ளைகள் வேனில் வந்தவர்களையும் காட்டிக்கொடுத்தார்கள். பாக்கெட் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க ஏதோ சேர்க்கிறார்களே, அதுவாக இருக்குமோ என்று உப்பளத்து உப்பு வாங்கி, ஒரு மதியம் முழுக்க நின்று முப்பத்தாறையும் புதிதாகக் கரைத்து வடிகட்டினேன். அதுவும் பொடியாகத்தான் ஆனது. கடைசியில் ஈரக்காற்றுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தேன். இரவில் பல்பை அணைத்துவிடுகிறோம், காற்றின் ஈரம் ஏறி ஏடும் கல்லும் கரைந்துவிடுகின்றன. ஈரமானியின் அளவுகளை இரண்டு பக்கத்துக்கு எழுதி இந்த விளக்கத்தை நிரூபித்தும் விட்டேன். இப்போது படித்தாலும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தவறான விளக்கம் என்பது மட்டும்தான் குறை.

இரவு முழுக்க பல்பு எரியலாமா என்று கேட்டதற்கு இயக்குநர், தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்றார். அப்படியானால் விடிந்ததுமே வந்து போட்டுவிடுகிறேன் என்று, ஏழாம் நாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஏழு மணி ஆகவில்லை. அலமாரிக் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு, பாட்டில் பாட்டிலாக ஐஸ் குச்சியை ஓரமாக நகர்த்தி, ஏட்டை உடைத்து, அடிவரைக்கும் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு மறுபடி நேராக வைத்துக்கொண்டிருந்தார். இருபதாவது பாட்டிலில் இருந்தார். அவசரமே இல்லை. சிந்திய துளியை முந்தானையால் துடைத்தார்.

"என்னம்மா பண்ற?"

"ஏடு கட்டிக்குது டீச்சர். ஒடச்சு வுடணும்ல? வுட்டா மேல மூடிக்கினு தண்ணி காயாது. உப்பும் கல்லு கல்லா நிக்கும், எவனும் வாங்க மாட்டான்."

"தினமும் பண்றியா?"

"மொத நாள்லேர்ந்து. நீங்க பசங்களோட கத்திக்கினு கெடக்கிறீங்க, ஒங்களுக்கு எங்க நேரம். நானே பாத்துக்கறேன்."

பாத்தியில் அதுதான் முறை. நீளக் கழியில் மரப்பலகை கட்டி, தினமும் காலையில் ஏட்டை உடைத்து இழுத்துவிட்டால்தான் உப்பு ஒரே அளவாக வரும். பதினாறு வருடம் ஒரு நாள் தவறாமல் செய்ததை இங்கேயும் செய்திருக்கிறார். சீட்டு ஒட்டியிருக்கிறதே என்று கேட்க வாயெடுத்தேன். சம்பள நோட்டில் அவர் கைநாட்டுதான் வைப்பார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை உட்கார வைத்து நாலு முறை விளக்கம் சொன்னேன். தினமும் முதலில் உள்ளே வரும் ஒரே ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த உப்பு கல்லாக வளரத்தான் வேண்டும், அதுதான் போட்டி என்று சொன்னேன். அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"கல்லு உப்பை வச்சுக்கினு என்ன பண்ணுவீங்க?"

"பார்ப்போம்."

"சும்மா பாக்கவா?"

"ஆமா."

முப்பத்தாறு பாட்டிலையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அப்போ கெடுத்துட்டேன்" என்றார். "ரிப்போட்டுல இதையும் எழுதுவீங்களா டீச்சர்?"

தெரியவில்லை என்று சொன்னேன். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒரு நாளும் நடந்ததை விட்டுவிட்டு எழுதியவள் இல்லை நான். அந்தக் குணத்தால் யாருக்கும் பெரிய நன்மை வந்ததாகவும் நினைவில்லை.

மீதி மூன்று நாளில் கல் மிளகளவுகூட வளராது. கடைசி நாள் பெற்றோர்கள் வந்தார்கள். பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு டால்பினைச் சுற்றி வந்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள் குடைக்குள் தலையை விட்டு நட்சத்திரம் பார்த்தார்கள். உப்பு அலமாரியின் முன் மட்டும் வேனில் வந்த பெற்றோர்கள் நிற்காமல் போனார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் தகப்பன் ஒருவர் தன் மகளின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எங்க மேஸ்திரி பாத்தா அழுதுடுவாரு மிஸ். பவுடர் மாதிரி ஒரே சைஸா வந்திருக்குது. பிரைஸ் இதுக்குத்தானே?"

"இல்லப்பா, பெரிய கல்லுக்குத்தான்" என்றாள் மகள்.

"கல்லா வந்தா கழிவுல்ல? அதுக்குப் போயி பிரைஸா?"

இயக்குநர் பக்கத்தில் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு என்பதையும் சொன்னேன்.

"தப்பு உங்களோடது, ஒத்துக்கறேன் மேடம். ஆனா கேக்காம ஒரு பொருளைத் தொட்டது யாரு? இன்னைக்கு உப்பு. நாளைக்கு அந்தம்மா எலும்பைக் கழுவி வெயில்ல காய வச்சா? பறவைத் தோலுக்கு எண்ணெய் தடவினா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை மேலும் சோர்வாக்கியது. புத்தாண்டு அன்று வீட்டில் உட்கார்ந்து அறிக்கையை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் உப்பு இல்லை: நேரம் தவறாதவர், வேலை சுத்தம், நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன். அது ஒரு பக்கத்தில் முடிந்தது. இன்னொன்றில் உப்பு இருந்தது, ஈரமானியும் இருந்தது, நாள்கணக்கில் காரணம் தேடியவள் கூட்டுபவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் இருந்தது. பாதங்களைப் பற்றியும் எழுதினேன். அது நாலு பக்கம். மறுநாள் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இயக்குநரிடம் நாலு பக்கத்தைக் கொடுத்தேன்.

படித்து முடிக்கும்வரை என்னை உட்காரச் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் காட்சிக் கூடத்துக்குள் அந்தம்மா கால் வைக்கக் கூடாது. வாசல், தோட்டம், கழிப்பறை, அவ்வளவுதான்.

"அப்போ கூடத்தை யார் சார் கூட்டுறது?"

"இன்னொரு ஆள் போட நமக்கு வழியில்லை. நீங்கதான் பாத்துக்கணும்."

பின்கட்டில் காத்திருந்த அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். கழிப்பறை என்ற சொல்லைக் கடைசியில் வைத்தேன். அவர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"கக்கூஸுல வர்றது போர் தண்ணிதானே டீச்சர்? உப்பு கெடையாதே?"

"நல்ல தண்ணிதான்."

"அப்போ சரி."

எனக்காக வருத்தப்பட்டாரா என்று தெரியாது. விளக்குமாற்றை என் கையில் கொடுக்கும்போது, ஓரத்தில் ஒரு குச்சி குத்தும், பார்த்துப் பிடியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி பாதியில் மழைத் தண்ணீர் இறைத்தாகிவிட்டது. ஒரு காலை மேஸ்திரி ஒருவர் டிவிஎஸ்-50யில் வந்து வாசலில் நின்றார். நான் கூடத்தில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது.

"என்னா, மியூசியத்துலயே பொம்மையா நின்னுட்ட? நாளைக்கு மிதிக்க ஆளு வேணும், வா."

"இல்லண்ணே. இங்க வேல இருக்குது."

"என்னா வேல? கக்கூஸ் கழுவுறதுதானே? ஊரே சொல்லுது."

"ஆமா. கழுவிட்டுக் காலைத் தொடச்சுக்குவேன்."

வண்டி சாலையில் ஏறி வடக்கே உப்பளத்துப் பக்கம் போய்விட்டது. நான் பாதிக் கூடம்தான் முடித்திருந்தேன். முழங்காலைப் பிடித்து நிமிர்ந்து, சிப்பி மேசைக்கு அடியில் இருந்த குப்பையை இழுத்துப் பெருக்கினேன்.