நேரம் தப்பிய மணி

பூதலூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஜெக்கரியாவை எல்லோரும் "ஐயரே" என்றுதான் கூப்பிடுவார்கள். லுத்தரன் சபையில் குருவானவரை அப்படி அழைப்பது வழக்கம். ஜெக்கரியா குருவானவராக வேண்டியவர், ஆகவில்லை. கேலிக்கு அது போதாதா?

பையனாக இருந்தபோது தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில், சபை ஊழியத்துக்கென்றே சேர்த்த மாணவர்களோடு போர்டிங்கில் தங்கிப் படித்தான். அப்பா கண்ணுசாமி, பக்கத்துச் சேரியில் இருந்துகொண்டு மிராசுதார் பஞ்சநதம் பண்ணையில் வேலை செய்தவர். பதினோராம் வகுப்பு முடிந்ததும் வார்டன் மாசிலாமணி ஐயர் சிபாரிசு செய்தால் இறையியல் கல்லூரி; இல்லையென்றால் வயல். அந்த வருஷம் கோயில் மணி அடிக்கிற பொறுப்பு ஜெக்கரியாவுக்குக் கிடைத்தது. மணிக்கயிறு யார் கையிலோ அவனுக்கே சிபாரிசு என்பது போர்டிங்குக்கே தெரியும்.

கழகம் ஆட்சிக்கு வந்து இரண்டாம் அறுவடை அது. கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். பஞ்சநதம் வெளியூர் ஆட்களை இறக்கினார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், மணிக்கு எண்ணெய் போட மேலே ஏறிய ஜெக்கரியா, வாய்க்கால் கரையோடு கம்பும் கையுமாகப் பஞ்சநதம் ஆட்களின் கூட்டம் ஒன்று சேரியை நோக்கிப் போவதைப் பார்த்தான். இறங்கி ஓடினாலும் முந்த முடியாது. கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள் என்று நினைத்தான். அவர்களோ கற்றுக்கொடுத்ததைச் செய்தார்கள். துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு, முகம் கழுவி, பாட்டுப் புத்தகத்தோடு வரிசையில் வந்து நின்றார்கள். பாதி சவரம் செய்த முகத்தோடு வார்டன் வந்தார்.

"பொழுது சாயலையேடா? சேரியில யாரும் போயிட்டாங்களா?"

நேரம் தப்பி மணி அடித்தால் சாவுக்குத்தான். ஜெக்கரியா வாயைத் திறக்கவில்லை. சேரிப் பக்கம் நடந்தான். வார்டன் சோப்பைத் துடைத்துக்கொண்டு அங்கியை மாட்டினார். சிலுவையை முன்னால் பிடித்து, அடக்கத்துக்குரிய ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டு போர்டிங் முழுதும் பின்னால் வந்தது.

கரையில் அந்தக் கூட்டம் சிலுவையைப் பார்த்ததும் ஒதுங்கியது. சிலர் தலைத் துண்டை அவிழ்த்தார்கள்.

"யாருங்க தவறிட்டது?" என்றான் ஒருவன்.

"அதப் பாக்கத்தான் போறோம்" என்றார் வார்டன்.

சேரியில் கண்ணுசாமி எழுந்து வந்தார். "வாங்க ஐயா. யாருக்குங்க சாவு?"

வார்டன் திரும்பிப் பார்த்தார். கரையில் கம்புகள். பிறகு ஜெக்கரியாவைப் பார்த்தார். தெரு நடுவில் பையன்களை உட்காரவைத்து ஜெபத்தை ஆரம்பித்தார். இருட்டும் வரை ஆமென் சொல்லவில்லை. கூட்டம் அலுத்துப்போய்க் கலைந்தது.

மறுநாள் பஞ்சநதம் வந்து கத்திவிட்டுப் போனார். பள்ளி மைதானம் அவர் குடும்பம் கொடுத்தது. வார்டன் ஜெக்கரியாவைக் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடக் கமிட்டியில கேப்பாங்க. ஜெபத்துக்கு அடிச்சேன், நேரம் தவறிடுச்சுன்னு சொல்லிடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"சண்டை வருதுன்னுதாங்க ஐயா அடிச்சேன்."

"அத நீ சொன்னா நான் உன்ன அனுப்ப முடியாதுடா. பள்ளிக்கூடம் சங்கத்துக்கு ஆள் சேக்குதும்பாங்க."

"நேத்து வாயத் தொறக்காமலே ஒரு பொய் சொல்லிட்டேங்க. இன்னொண்ணு வேணாங்க."

கமிட்டியில் ஜெக்கரியா உள்ளதைச் சொன்னான். மணிக்கயிறு வேறு பையனிடம் போனது, சிபாரிசும் அவனோடு போனது.

"அத்தன பேரக் காப்பாத்தத் தெரிஞ்சவனுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியலையே" என்று கண்ணுசாமி ஊரெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

சில வருஷம் வயலில் நின்றபின் ரயில்வே வேலை கிடைத்தது. ஒருநாள் பாசஞ்சரிலிருந்து தலை நரைத்த மாசிலாமணி ஐயர் இறங்கினார். ஜெக்கரியா பெட்டியை வாங்கிக்கொண்டார். ஐயர் ஸ்டேஷன் மணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையாவது நேரத்துக்கு அடிக்கிறியா?"

"வண்டி நேரத்துக்கு வந்தா அடிக்கிறேங்க ஐயா."