இடம் போதவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்காசியில் ஒரு படம் பார்த்தேன். அழ வேண்டிய படம். ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்.

லேசான சிரிப்பு இல்லை. பெஞ்சைத் தட்டி, துண்டால் கண்ணைத் துடைத்து, பக்கத்தில் இருந்தவன் முதுகில் ஓங்கி அடித்துச் சிரித்தார்கள். படம் எடுத்த டைரக்டர் எனக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு — மறைப்பானேன் — ரொம்பத் திருப்தியாக இருந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் உங்க ஊர் ஜனங்க? மெட்ராஸ்ல இந்த இடத்துல கர்சீப் எடுக்காத ஆளே கிடையாது. இங்க சிரிக்கிறாங்களே... மனசே இல்லையா இவங்களுக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரப் பத்தியில் பதில். அவரிடமும் சொன்னேன், ஏறவில்லை. உங்களுக்கு ஏறும் என்று நம்புகிறேன். டைரக்டரின் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

படம் என்றதும் டூயட்டையும் கத்திச் சண்டையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது டாக்குமெண்டரி. உழைக்கிறவன் படும் பாட்டை அப்படியே படம்பிடித்து, சாய்வு நாற்காலியில் கிடக்கும் என்னைப் போன்றவர்களின் மனசாட்சியை உலுக்குகிற வகை. நல்ல காரியம். அதற்கு நான் விரோதி இல்லை. உலுக்க வருகிறவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

போன சீசனில் இந்த டைரக்டர் குற்றாலத்தில் வந்து இறங்கினார். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, நாலு நாள் தாடி. மலையிலிருந்து வெட்டி வருகிற பெரிய பெரிய மரத்தடிகளை லாரியில் ஏற்றி இறக்கும் தொழிலாளர்களைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறார். ஒரு மர டிப்போவைக் காட்டிவிட வேண்டும் என்று என் சிநேகிதர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். இலத்தூர் விலக்குக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த டிப்போ ஒன்று உண்டு. கூட்டிப் போனேன்.

போகிற வழியெல்லாம் சுரண்டலைப் பற்றியே பேசினார். அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூடச் சுரண்டல்தான்.

அவரோடு வந்த காமிராக்காரர் ஆறுமுகம். நம் கடையத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பிழைப்பு மெட்ராஸில், பெண்டாட்டி கடையத்தில். எந்த ஸ்டுடியோவிலும் நிரந்தர வேலை கிடையாது. கூப்பிட்ட படத்துக்குப் போவார். இதை இங்கிலீஷில் 'ஃப்ரீலான்ஸ்' என்கிறார்கள். கேட்க ஜோராக இருக்கிறது. தமிழில் சொன்னால், "பசிக்குது ஐயா" என்று முறையிட ஒரு முதலாளிகூட இல்லாத உத்தியோகம். பத்தி எழுதிப் பிழைக்கிற நானும் அந்த வர்க்கம்தான்.

முதல் நாள் குற்றாலத்திலிருந்து கார் கிளம்பத் தயாராக நின்றது. காரில் டைரக்டர், அவருக்குக் காரைக் கொடுத்த நண்பர், நண்பரின் மனைவி, நான், ஒரு பழக்கூடை. ஆறுமுகம் காமிராப் பெட்டியோடும் ஸ்டாண்டோடும் வெளியே நின்றார்.

"ஆறுமுகம், கார்ல இடம் போதலை. நீ பஸ்ல வந்துடு" என்றார் டைரக்டர்.

யார் இல்லாவிட்டால் படமே இல்லையோ அவர் பஸ்ஸில் வந்தார். பழக்கூடை காரில் வந்தது. நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். "நீங்க பெரியவங்க சார், உங்களை விடுவேனா?" என்று டைரக்டர் என் தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

அன்று சாயங்காலம் பங்களாவிலும் இடம் போதவில்லை. சீசனுக்காக யாரோ பணக்காரர் கட்டிப்போட்ட பங்களா. உள்ளே பந்து விளையாடலாம். "நீ டிப்போலயே படுத்துக்கோ ஆறுமுகம். காமிராவுக்கும் காவலாப் போச்சு." மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இடம் போதவில்லை. அந்த மேஜையில் ஒரு தவில் செட்டையே உட்காரவைத்துப் பந்தி பரிமாறியிருக்கலாம்.

டைரக்டரின் நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் ஆள்வைத்து எண்ணெய் தேய்ப்பு. பிறகு அருவி. பிறகு டிபன். அருவியில் குளித்தால் பசிக்கும், டிபன் தின்றால் தூக்கம் வரும்... அவர் என்ன செய்வார்? வெயில் உச்சிக்கு வரும்போது டிப்போவுக்கு வருவார். வந்ததும் ஆறுமுகத்திடம் கேட்பார்: "விடியற்கால ஷாட்டெல்லாம் எடுத்தாச்சா?"

எடுத்தாகியிருக்கும். தனி ஆளாக எடுத்திருப்பார். சாரல் அடிக்கிற நேரத்தில் காமிராவுக்குத் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, வெறும் உடம்போடு நனைந்துகொண்டு நிற்பார். பார்த்திருக்கிறேன்.

சுரண்டப்படும் தொழிலாளர்களுக்கு வருவோம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி மாடசாமி என்று ஒருவர். தடி தூக்கும்போது பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கஷ்டமான வேலைதான், சந்தேகமில்லை, தோளெல்லாம் காய்ப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் கறாரானவர்கள். மத்தியானம் கஞ்சிக் கலயத்தைத் திறந்துவிட்டால் தின்று, வெற்றிலை போட்டு, காலை நீட்டி முடிக்கும்வரை யாரும் தடியைத் தொட மாட்டார்கள். டிப்போ முதலாளி எத்தனையோ தரம் மோதிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

நம் டைரக்டர் சரியாக அந்த நேரத்தில் போய், தடி தூக்கச் சொன்னார்.

"சோத்து நேரத்துல எவன் சொன்னாலும் தடியைத் தொடமாட்டோம் அண்ணாச்சி" என்றார் மாடசாமி. "எங்களுக்காகத்தான படம் எடுக்கிய? நாங்க தின்னு முடிக்கட்டும்."

டைரக்டருக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா சார், இதுதான் உரிமைக் குரல்" என்று என்னிடம் சொன்னார். சொன்ன வாயை மூடுவதற்குள் ஆறுமுகத்தின் பக்கம் திரும்பி, "அவங்க சாப்பிடற நேரத்துல நீ அந்த லாரி ஷாட்டை முடிச்சுடு" என்றார்.

மாடசாமி கலயத்தை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், இந்தக் காமிரா அண்ணாச்சிக்கு வயிறு கிடையாதா?" என்று கேட்டார். டைரக்டருக்கு அந்த உரிமைக் குரல் மட்டும் காதில் விழவில்லை. அன்றிலிருந்து ஆறுமுகத்துக்குச் சாப்பாடு தொழிலாளர்களின் கலயத்தில்தான்.

டைரக்டருக்கு வேறொரு துக்கம். அவர் நினைத்த சோகம் இங்கே கிடைக்கவில்லை. படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தனை பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நெற்றி நிறைய விபூதி பூசி, துவைத்த சட்டையில் வந்து நின்றார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். களைத்துப்போய்த் தரையில் படுத்துத் தூங்குகிற மாதிரி ஒருவர் படுங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை.

"செத்தவனைத்தான் படுக்கப்போட்டுப் படம் எடுப்பாக" என்றார் மாடசாமி. "நாங்க நிக்கோம். நின்னமேனிக்கு எடுங்க."

கெஞ்சியும் நடக்கவில்லை. தொழிலாளியின் களைப்பு இல்லாமல் படம் எப்படி உலுக்கும்?

அன்றைக்குப் பொழுது சாயும்போது டிப்போவுக்கு எதிரே டீக்கடையில் ஆறுமுகத்தைக் கேட்டேன். "இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கிட்டு இருக்கீர்?"

"டைட்டில்ல என் பேரு போடுதேன்னு சொல்லியிருக்காரு அண்ணாச்சி" என்றார். "எத்தனையோ படத்துல வேலை பாத்தாச்சு. ஒண்ணுலயும் பேரு வந்ததில்ல. 'ஒளிப்பதிவு ஆறுமுகம்'னு ஒருக்கா வந்துட்டா நாளைக்கு நாலு பேரு கூப்பிடுவான்லா? பேரு வரலைன்னா நான் இந்தப் படத்தை எடுத்தேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வெட்கத்தோடு சொன்னார்: "எங்க வீட்டுல அவளும் ஆசைப்படுதா. அஞ்சாங் கிளாஸ் படிச்சவ. புருசன் பேரை வாயால சொல்லப்பிடாதுன்னு இருக்கவ... அந்த மட்டுக்கும் வெள்ளைத் திரையில எழுத்தாவாவது பாக்கணுமாம்."

கடைசி நாள் டைரக்டரும் நானும் போனபோது ஆறுமுகம் மரத்தூள் மூட்டைகளின் மேல் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. வாய் திறந்திருந்தது. கை ஒரு பக்கம் தொங்கியது. அப்படியொரு தூக்கம் எத்தனை நாள் தூங்காதவனுக்கு வரும்? டைரக்டர் உதட்டில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டிவிட்டு, காமிராவைத் திருப்பித் தாமே குனிந்து ஓட்டினார். விளையாட்டுக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை. மெட்ராஸில் பிரமுகர்கள் பார்த்து, கர்சீப் நனைத்த படத்தை இங்கே தென்காசிக் கொட்டகையில் தொழிலாளர்களுக்கே இலவசமாகக் காட்டுவதாக ஏற்பாடு. மாடசாமியின் ஆட்கள் பெஞ்சுகளில். அவர்களோடு ஆறுமுகம், சலவை வேஷ்டியில். பெண்கள் பக்கம், எனக்குப் பின்வரிசையில், அவர் மனைவி பேச்சியம்மாள். கடையத்திலிருந்து முதல் பஸ்ஸில் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. டைட்டில் ஓடியது. பேச்சியம்மாள் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். முதல் நன்றி டிப்போ முதலாளிக்கு — ஆமாம், படத்தில் யார் சுரண்டுகிறாரோ அவருக்கேதான். அடுத்து பங்களாக்காரர். அடுத்து காரைக் கொடுத்த நண்பர், நண்பரின் மனைவி. பழக்கூடையைத்தான் விட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரே அட்டை: எழுத்து, குரல், ஒளிப்பதிவு, டைரக்‌ஷன்... நான்குக்கும் ஒரே பெயர்.

"முடிஞ்சிட்டா?" என்று பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "படம் முடிஞ்ச பொறவு போடுவாகளோ?"

எனக்குத் திரும்பி அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் டைரக்டர் தம் பெயரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. நன்றாகத்தான் எடுத்திருந்தார் — ஆறுமுகம். பிறகு அந்த இடம் வந்தது. பின்னால் ஷெனாய் அழ, மூட்டையின் மேல் ஓர் ஆள் வாயைத் திறந்து கிடக்கிறான். டைரக்டரின் குரல் நடுங்குகிறது: "இதோ, உழைத்து ஓய்ந்த ஒரு மனிதன். இவன் பெயர் என்ன? யாராவது கேட்டதுண்டா?"

"ஏலே, நம்ம காமிரா அண்ணாச்சில்லா" என்றது ஒரு பெஞ்சு. இன்னொன்று, "என்னவே, எங்களைப் படுக்கச் சொல்லிட்டு நீரு படுத்திருக்கீரு" என்றது. சிரிப்பு கிளம்பியது.

திரைக்குரல் விடவில்லை. "கேளுங்கள், இவன் பெயர் என்ன?"

மாடசாமி எழுந்து நின்றுவிட்டார். "ஏ, சிரிக்காதிய. நெசமாவே அண்ணாச்சி பேரு என்னலே? நாமளும் கேக்கலையே."

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆறுமுகம்."

பேச்சியம்மாள்தான். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்.

திரைக்குரலுக்கு இதெல்லாம் தெரியுமா? அது மூன்றாம் முறையாக உருகியது: "சொல்லுங்கள்... இந்தப் பெயரற்றவனின் பெயர் என்ன?"

"ஆறுமுகம்" என்றார்கள் அத்தனை பேரும், தடி தூக்குகிற குரலில். அப்புறம்தான் அந்தச் சிரிப்பு. ஆறுமுகமே சிரித்தார். அதைத்தான் டைரக்டர் மனசில்லாத சிரிப்பு என்கிறார்.

அழுத ஆள் ஒருவர் உண்டு. "ஆளு வத்திப்போயில்லா கிடக்காக" என்று சொல்லிச் சொல்லிப் பேச்சியம்மாள் அழுதார். உழைப்பாளியின் களைப்பைப் பார்த்து ஒரு ஜீவன் உண்மையாகவே அழுதது. டைரக்டர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா?

வெளியே அவரிடம் நேராகவே கேட்டேன். "அந்த மனுஷன் பெயரை ஏன் போடவில்லை?"

"டைட்டில்ல இடம் போதலை சார்" என்றார். "நாலும் ஒரே பெயரா இருந்தா ஒரே கார்டுல முடிஞ்சுடும் பாருங்க."

அதோடு விட்டாரா? மனைவியோடு பஸ்ஸுக்குக் கிளம்பிய ஆறுமுகத்தைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஆறுமுகம், அடுத்தது கீழப்பாவூர்ப் பக்கம் பீடி சுத்தற பெண்களைப் பத்தி. நீதான் காமிரா. அடுத்த வாரம் கிளம்பறோம்."

ஆறுமுகம் ஒரு தரம் மாடசாமியைப் பார்த்தார், ஒரு தரம் பேச்சியம்மாளை.

"பேரு போடுவேன்னு முதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றார். "அதுவரைக்கும் காமிராவைத் தொடமாட்டேன்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நிஜமாகவே வேதனை. "பாத்தீங்களா சார்? இதுக்குப் பேர்தான் சுரண்டல்."

வாசகர்களில் படம் எடுக்கிறவர்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் படத்தின் ஒளிப்பதிவு, கடையம் ஆறுமுகம். ஆசிரியர் எனக்குத் தாராளமாகவே பக்கம் தருகிறார் என்பதால் இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: ஒளிப்பதிவு, கடையம் ஆறுமுகம்.

டைரக்டரின் பெயரைக் கடைசியில் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். மன்னிக்கவும்... இடம் போதவில்லை.