அப்பாவின் கைக்கட்டு

அல்சூர் மெட்ரோவில் இன்று பக்கத்தில் நின்றவரிடமிருந்து வலித்தைல வாசனை வந்தது. ஜீவனஹள்ளியில் அபார்ட்மெண்டாகிவிட்ட எங்கள் ஓட்டுவீட்டின் வாசனை அது. குத்துச்சண்டையில் மாநில சாம்பியனாக இருந்த அப்பாவுக்கு, தலையில் வாங்கிய குத்துகளால், சாயங்காலமானால் ஆள் அடையாளம் தெரியாமல் போகும்; எதிரில் வருபவரை அடித்துவிடுவார் என்பதால், ஆறுமணிக்கு சர்ச் மணி அடித்ததும் தைலம் மணக்கும் இரண்டு கைகளையும் அவரே என்னிடம் நீட்டுவார். பந்தயத்துக்கு அவர் கையில் சுற்றிய பழைய பேண்டேஜ் துணியால் சேர்த்துக் கட்டுவேன்.

"இன்னும் டைட்டா கட்டு பாப்பா. என் கை மேல எனக்கே பயமா கீது."

ஒரே இழுப்பில் அறுத்துவிடுவார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஒருநாள் மணி அடித்தும் அவர் கையை நீட்டவில்லை. துணியோடு நின்ற என்னை யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தபடி, மெல்ல முஷ்டியை உயர்த்தினார்.