சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அடாப்டர்

மற்ற நாட்களில் எனக்குக் கோபப்பட நேரமிருக்காது, கம்பெனி பஸ் வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் இல்லை, ஷிப்டும் இல்லை. கோபம் மட்டும் நாள் முழுக்க இருந்தது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் கடைசி அறை எங்களுடையது. மூன்று பெண்கள் இருந்தோம். கார் விளக்கு செய்யும் தொழிற்சாலையில் நான் டெஸ்டிங், சின்னவள் அதே லைனில் பேக்கிங். அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், எங்களில் இளையவள், அதனால் அந்தப் பெயர். மூன்றாமவள் வேறு கம்பெனி, எப்போதும் இரவு ஷிப்ட். பகலில் அவளை நாங்கள் பார்த்ததைவிட அவளுடைய போர்வையைப் பார்த்ததுதான் அதிகம்.

அன்றைக்குப் பதினொரு மணிக்குச் சின்னவளுக்கு வீடியோ காலில் நேர்முகத் தேர்வு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில், காண்ட்ராக்ட் இல்லாத நிரந்தர வேலை. எங்கள் கம்பெனியில் அவளுடைய காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிந்துவிடும். வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து சேர், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளையைப் பற்றி அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று "குட் மார்னிங் சார்" சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் தலைக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எதேச்சையாகப் பார்த்தேன். வைஃபை பெட்டி செத்துக் கிடந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை.

எரியாத விளக்கைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. லைனில் ஒவ்வொரு விளக்காக வரும், சுவிட்சை அழுத்துவேன், எரிந்தால் அடுத்த ஆளுக்குத் தள்ளுவேன், எரியாவிட்டால் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் தொட்டியில் போடுவேன். அதற்குமேல் அதைத் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், இது ஏன் சார் எரியலை என்று சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன். "ஒட்டுறதுதாம்மா உன் வேலை, ஆராய்ச்சி பண்றதுக்கு வேற ஆள் கீறாங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

பிளக் பாயின்ட்டில் என் போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தேன், ஏறியது. பெட்டியின் அடாப்டரை வேறு பாயின்ட்டில் மாற்றிச் சொருகினேன். அடாப்டரில் இருந்த சின்னப் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது, பெட்டி எரியவில்லை. பெட்டியின் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினேன், அழுத்திப் பிடித்தேன், ஊக்கு முனையால் பக்கத்து ஓட்டையில் குத்தினேன். கடைசியில் உள்ளங்கையால் ஒரு அடி அடித்தேன். எதற்கும் மசியவில்லை.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன். வாசலுக்கு வந்துதான் போட முடிந்தது, ஏனென்றால் எங்கள் அறைக்குள் சிக்னல் கிடையாது. வாசலில் ஒரு கோடு வரும், ஒரு லாரி போனால் அதுவும் போய்விட்டதோ என்று தோன்றும்.

"அடாப்டர்ல லைட் எரியுதாம்மா?"

"எரியுது."

"அப்ப அடாப்டர் நல்லாத்தான் கீது. பாக்ஸ்தான் பூட்ச்சு. நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

"அண்ணே, பதினொரு மணிக்கு இன்டர்வியூ."

"ஞாத்திக்கெயமைல நான் ஆளுக்கு எங்கம்மா போவேன்?"

வைத்துவிட்டார். மாதம் பிறந்தால் பணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் வருவார்.

நேரே வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். மொட்டை மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும். ஆனால் மாடிக் கதவுக்கு எப்போதும் பூட்டு, சாவி அவர் இடுப்பில். ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள் என்று கேட்டேன்.

"எதுத்தாப்ல மாடில பூரா ஆம்பளப் பசங்க கீறானுங்க. பொம்பளப் புள்ளைங்க மேல ஏறக் கூடாதுன்னு முன்னாலயே சொல்லிக்கீறேன்ல."

"அப்ப உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டாவது குடுங்கம்மா."

"அது எம் புள்ளைக்குத்தான் தெரியும். அவன் டூட்டிக்குப் போய்க்கீறான். எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்."

எதிர் மாடியில் ஆண்கள் நின்றால் பூட்டு எங்கள் கதவுக்கு. வயிறெரிந்து திரும்பி வந்தேன்.

சின்னவள் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு என் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்த நல்ல உடுப்பு எல்லாமே கலர் கூடினது என்று என்னுடையதை எடுத்திருந்தாள்.

"வைஃபை பெட்டி செத்துப்போச்சுடி" என்றேன்.

கையில் இஸ்திரிப் பெட்டியோடு அப்படியே நின்றாள். "சரியாயிட்டுல்லாக்கா? பச்ச லைட்டு எரியுதே. நீங்க புது அடாப்டர் வாங்கி மாட்டிட்டியன்னுல்லா நெனச்சேன்."

"நான் எதுக்குடி புதுசு வாங்கணும்?"

"பழசத்தான் நான் ரிஜெக்ட்ல போட்டுட்டேனே."

சுவரில் இருந்த அடாப்டரைப் பிடுங்கி அடியில் பார்த்தேன். ஆறு வோல்ட் என்று போட்டிருந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், பன்னிரண்டு. எமர்ஜென்சி விளக்கின் அடாப்டர் அது. முனை இரண்டுக்கும் ஒன்றுபோல இருந்ததால் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. தன் விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு என்னையும் கேபிள்காரரையும் ஏமாற்றியிருக்கிறது.

"இதை யாரு சொருகினது?" என்று கத்தினேன்.

போர்வை அசைந்தது. "நான்தான்" என்றது உள்ளிருந்து. "நேத்து ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒயர் இல்லாம சும்மா கெடந்துச்சு. எது பொருந்துச்சோ அதச் சொருகினேன். லைட்டு வந்துச்சுல்ல?"

கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை உண்டு. பட்டன் போன சட்டை, வார் அறுந்த செருப்பு எல்லாம் அதில்தான் போகும். விளையாட்டாக அதை ரிஜெக்ட் தொட்டி என்போம். இழுத்தேன். மேலாகவே கிடந்தது பழைய அடாப்டர். நெற்றியில் வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர், எங்கள் லைன் ஸ்டிக்கர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெட் வரவில்லையாம். எங்கேயோ கேபிள் அறுந்து, எங்கள் தெருவுக்கே அன்றைக்கு இல்லை. சின்னவள் பார்த்திருக்கிறாள், அடாப்டர் சுட்டிருக்கிறது, ஓவர்கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிக் கூடையில் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"ஸ்டிக்கர் ஒட்டியாச்சுல்லாக்கா. யாராச்சும் பாத்துச் செஞ்சிருவாங்கன்னு நெனச்சேன்."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வருவார்கள் இந்த அறைக்கு? மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்டா? தன் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிற இன்டர்வியூவுக்கு முந்தின முந்தின நாள் ஒருத்தி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அழவில்லை, அழுதால் கண் வீங்கி வீடியோவில் தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது தெரிந்தும் திட்டினேன்.

பழைய அடாப்டரைச் சொருகியதும் பெட்டி எரிந்தது. உடனே அணைந்தது. ஒயரைத் தொட்டால் எரிந்தது, விட்டால் அணைந்தது. பேக்கிங்கில் ஒயரைச் சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டுக் கூடையில் போட்டிருக்கிறாள் புண்ணியவதி. முனைக்குப் பக்கத்தில் மடங்கி உள்ளே கம்பி விட்டுப்போயிருந்தது. டேப் சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு பக்கமாக வளைத்து விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் நின்றது. நேரமும் ஆகிவிட்டது.

"நீ போய் உக்காரு. நான் பிடிச்சுக்கிடுறேன்."

போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். கேமராவுக்குத் தெரியாமல் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒயரைப் பிடித்திருந்தேன் நான். கை நடுங்கினால் போச்சு. தும்மல் வந்தது, அடக்கினேன்.

பேர், ஊர், படிப்பு எல்லாம் கேட்டார்கள். நன்றாகவே சொன்னாள். பிறகு ஒரு ஆண் குரல் கேட்டது.

"லைன்ல ஒரு பீஸ் வருது, ஆன் ஆகல. நீங்க என்ன செய்வீங்க?"

"ரெட் ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட்ல போட்டுருவேன் சார்."

"ஏன் ஆன் ஆகலன்னு பார்க்க மாட்டீங்களா? வயர் லூசா இருக்கலாம் இல்லையா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாக்க மாட்டேன் சார். தொட மாட்டேன். அது என் வேலை இல்ல சார்."

அந்த நொடியில் ஒயரை விட்டுவிடலாமா என்றிருந்தது. உண்மையாகவே இருந்தது. என் விரல் மரத்துப்போய் அந்தக் கம்பியின் மேல் கிடக்கிறது, அதனால்தான் அந்த வாக்கியம் அங்கே போய்ச் சேருகிறது. பார்க்காமலும் தொடாமலும் இருந்ததால் வந்த வினையை முடிந்த மட்டும் பார்த்து, தொட்டு, பிடித்துக்கொண்டு நான் குந்தியிருக்கிறேன்.

"வெரி குட்" என்றது குரல். "இதைத்தான் நிறைய பேர் தப்பா சொல்றாங்க. எப்ப ஜாயின் பண்ண முடியும்?"

பேசி முடித்துப் போனை அணைத்ததும் எழுந்து ஓடிவந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள். என் சுடிதாரிலேயே மூக்கைத் துடைத்தாள். இனி ஊருக்குப் போக வேண்டாம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் இறங்கவில்லை. அது அவள்மேல் இருந்த கோபம் இல்லை என்பது மட்டும் அப்போதே தெரிந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சரியாத்தானக்கா சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன" என்றேன்.

அதுவரைக்கும் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அப்போதுதான் எடுத்தேன். பெட்டி அணைந்துபோனது.